ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதினாலாவது பொருள்

அக்டோபர் 3

வெறும் வயிற்றில் சர்க்கரை 148.

பாலிகிளினிக் டாக்டரம்மா இனிமேல் தினமும் எழுதி எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறது. "எழுதத் தெரியுமா பாட்டி, இல்ல யாரையாவது வெச்சு எழுதணுமா?" என்று கேட்டது. "அஞ்சாங் கிளாசு. ஆனா எங்க ஊரு அஞ்சாங் கிளாசு" என்றேன். சிரித்தது.

நான் எழுதுகிறவள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் புருஷனைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் தபால்காரரிடமோ வாத்தியாரிடமோ சொல்லித்தான் கடுதாசி எழுதினார்கள். வேற்று ஆம்பிளை எதிரில் நின்றுகொண்டு நலம் நலமறிய ஆவல் என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? நான் மட்டும் என் கையால் எழுதி, என் எச்சிலால் ஒட்டி, நானே பெட்டியில் போட்டேன். எழுதியது நான், படித்தது அவர், நடுவில் ஒரு காது கிடையாது. இந்த எழுபத்தோரு வயசிலும் எனக்கு அந்தப் பெருமை உண்டு.

எங்கள் முன்னாள் பட்டாளத்தார் சங்கத்தில் ஜனவரியில் கொடுத்த டைரி, அட்டையில் முப்படைக் கொடி போட்டது, சும்மா கிடந்தது. சர்க்கரைக்கு ஒரு வரிதான் ஆகிறது. மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது.

அக்டோபர் 5

151. நேற்று ஒரு மைசூர்பாகு. ஒன்றுதான்.

எட்டாம் தேதி ஏர்போர்ஸ் தினம். எங்கள் முப்படை நகரில் முப்பத்தெட்டு வீடு, எல்லாம் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் வீடு. வருஷத்துக்கு மூன்று தடவை படா கானா, அதாவது பெரிய விருந்து. ஆர்மி, நேவி, ஏர்போர்ஸ் மூன்றில் யாருடைய நாளோ அவர்கள் குடும்பத்தோடு உட்காருவார்கள். மற்ற இரண்டு படையும் சமைத்துப் பரிமாற வேண்டும். ஆபீசராக இருந்தவரும் வாளி தூக்கத்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரர் நாயக் துளசிராமன், ஆர்மி. எழுபத்தொன்றில் டிசம்பர் சண்டையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு இன்றைக்கும் ரசவாளி அவர்தான் தூக்குவார். யாராவது வாங்க வந்தால் முறைப்பார்.

இந்த நகரே ஆஸ்பத்திரியில் உண்டானது என்று சொல்வார்கள். வடக்கே ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் மூன்று பேர். இவர், ஏர்போர்ஸ் ஜப்பார், நேவி ஆசீர்வாதம். ஜப்பாருக்கு முகமெல்லாம் தீக்காயம். ஆசீர்வாதத்துக்கு முதுகெலும்பு அடி, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மூன்று பேரும் சேர்ந்து இந்தக் கரம்பு நிலத்தை வாங்கி மனை பிரித்தார்கள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

இன்று அண்டா கழுவும்போது மூன்று பேரும் வந்து உட்கார்ந்துகொண்டு ஒரே ரகளை.

"ஏர்போர்ஸ்காரனுக்கு இன்னாத்துக்கு மே மட்டன்? மெத்தையில படுத்துக்கினு சண்டை போட்டவனுங்க. பன்னும் ஜாமும் குடு, போதும்" என்றார் இவர்.

"தரையில தவுந்தவன் எல்லாம் மேல பாத்துப் பேசுறான் பாருங்க அண்ணி. கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றார் ஜப்பார்.

ஆசீர்வாதம் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்குங்கப்பா. ஒலகத்துல முக்காவாசி தண்ணி. அது எங்களுது."

அக்டோபர் 8

மட்டன் நன்றாக வெந்திருந்தது. சர்க்கரை பார்க்கவில்லை.

அக்டோபர் 9

பார்க்கவில்லை.

அக்டோபர் 10

212.

எழுதிவிடுகிறேன்.

எட்டாம் தேதி சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் மூன்று படைக்கும் கயிறு இழுப்பு நடந்தது. கயிற்றைப் பிடித்ததும் எல்லோரும் "ஏழு!" என்று கத்துவார்கள். நாற்பது வருஷமாக அப்படித்தான். பந்தல்கால் தூக்கினாலும் ஏழு, கொடிக்கம்பம் நட்டாலும் ஏழு. எங்கள் நகரத்துப் பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண மாட்டார்கள். "ஏழு!" என்றுவிட்டு ஓடுவார்கள். ஏதோ பட்டாளத்து வார்த்தை என்று இருந்தேன். நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பெண்கள் ஹாலில் நம்பர் கூப்பிட்டு ஆடும் தம்போலாவுக்குப் போவோம். ஆண்கள் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதற்கு மெஸ் என்று பேர். கேண்டீன் ரம் ஆளுக்கு ஒரு மூடி, ஜப்பாருக்குக் கோலி சோடா. பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை. நான் ஜப்பார் மனைவி ஜுலைகாவின் பெரிய கரண்டியைத் தேடிக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போனேன்.

உள்ளே இவர் குரல். "ஒம்பதாம் வார்டு! கடுதாசி கேக்க ரெடியா?"

"ரெடி சாப்!"

ஜப்பார் பெண்குரலில் ஆரம்பித்தார். "என் மாமாவுக்குப் பச்சையம்மா எழுதிக்கொண்டது."

பச்சையம்மா நான்தான்.

"உங்கள் பழைய காக்கிச் சட்டையைத் தலையணைக்கு மாட்டி வைத்திருக்கிறேன். ராத்திரியில் அதோடு சண்டை போடுகிறேன். அது பதில் பேசாததால் நான்தான் ஜெயிக்கிறேன்."

ஆசீர்வாதம் தொடர்ந்தார். "அத்தை அந்தச் சட்டையைத் தோய்க்கச் சொன்னார்கள். தோய்த்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். காலரில் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள்."

எல்லோரும் சேர்ந்து: "நேற்று முத்தம் கொடுக்கும்போது மேல் பொத்தான் பல்லில் பட்டு உடைந்துபோனது!" தகரமே அதிர்கிற மாதிரிச் சிரிப்பு. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

கடைசியில் இவர், என் வீட்டுக்காரர், கல்யாண வீட்டில் கச்சேரி முடிக்கிற மாதிரி: "ஒரு கால் போனால் போகட்டும். உங்களிடம் ஒன்று இருக்கிறது. என்னிடம் இரண்டு. எருமைக்கு நாலு. ஆக மொத்தம்?"

"ஏழு!"

நான் தகரத்தில் கை வைத்தபடி நின்றிருந்தேன். வெயிலில் காய்ந்த தகரம். கையை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

திரும்பி ஹாலுக்கு வந்தேன். ஜுலைகா எனக்கும் ஒரு சீட்டு எடுத்து வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் நம்பர் ஏழு வந்தது. பெண்கள் எல்லோரும் "ஏழு!" என்று கத்தினார்கள்.

அக்டோபர் 12

190. உள்ளங்கையில் கொப்புளம். இவர் கேட்டதற்கு எண்ணெய் தெறித்தது என்றேன்.

ஜுலைகா வீட்டுக்குப் போனேன். நாற்பது வருஷமாக நானும் அவளும் ஒரே முறத்தில் அரிசி பொறுக்கியிருக்கிறோம். "ஒனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். எது என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துபோயிற்று.

"கல்யாணமான மொத வாரமே சொன்னாரு அக்கா. கேலி பண்ணல, சத்தியமா. இப்பிடி எழுதற பொம்பளையப் பாக்கணும்னுதான் நான் இந்த ஊருக்கே வந்தேன்."

"பாத்தியே. பாத்துட்டு நாப்பது வருசம் கம்முனு இருந்தியே."

"நீங்க வெக்கப்படுவீங்கன்னு..."

"வெக்கம் இல்லடி இது."

வேறு என்ன என்று அவள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 13

இவரிடம் கேட்டேன். சாயங்காலம் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிஜக் காலுடைய ஷூவைவிடச் செயற்கைக் காலுடையதுதான் எப்போதும் அதிகமாகப் பளபளக்கும்.

"அதுவா? தமாசு மே. ஆஸ்பத்திரியில பொழுது போவல."

"நான் ஒங்களுக்குத்தானே எழுதினேன்?"

"எனக்குத்தான் வந்துது. வந்தத நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். வார்டுல அதான் வழக்கம். ஊட்லேர்ந்து முறுக்கு வந்தா ஒருத்தன் மட்டும் துன்ன முடியுமா?"

"அப்ப என் கடுதாசி முறுக்கா?" என்றேன். அவர் காதில் விழவில்லை. பிரஷ்ஷை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

அக்டோபர் 15

160. பேச்சை நிறுத்திவிட்டேன். சாப்பிட வாங்க என்று கூப்பிடுவதில்லை, தட்டை டங்கென்று வைக்கிறேன். அதை மெஸ் மணி என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்து உட்காருகிறார்.

அக்டோபர் 17

கடுதாசி இன்னும் இருக்கிறது! சங்கத்து பீரோவில் லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்களாம். ஜுலைகாதான் சொன்னாள், சமாதானம் ஆவதற்காக. நேராகச் சங்கத்துக்குப் போனேன்.

தலைவர் சுபேதார் மேஜர் வரதன். எங்களுக்கெல்லாம் பின்னால் வந்தவர், அறுபத்தைந்து வயசு. கொடிக்கம்பத்துக்குக்கூட சல்யூட் வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருவார். என் கடுதாசியைக் கொடுங்கள் என்றதும் தடிமனான ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பிரித்து விரலால் தேடினார்.

13. வடக்கயிறு, நாற்பது முழம் – 1. 
14. கடிதம், இன்லண்டு, நீலம், பழையது – 1. நிலை: உபயோகத்துக்குத் தகுதியானது. 
15. ரசவாளி, மூடியுடன் – 2.

"ஸ்டாக்குல ஏறிடுச்சும்மா. அது இப்போ சங்கத்துச் சொத்து. வெளிய போவணும்னா போர்டு உக்காரணும். படைக்கு ஒருத்தர், மூணு மெம்பர். அவங்க பாத்து கண்டம் பண்ணி, இனிமே ஒதவாதுன்னு கழிச்சு எழுதிக் குடுத்தாத்தான் நான் ரிலீஸ் பண்ண முடியும்."

"எழுதினவளே வந்து கேட்டாலுமா?"

"எழுதினவங்க சப்ளையர். சப்ளை பண்ண சரக்க சப்ளையர் திரும்பக் கேக்கறதுக்கு ரூல் இல்லையே."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கண்ணால் ஒரு தடவை பார்க்கிறேன் என்றதற்கு, "பீரோ சாவி ஒங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குதும்மா. அவருதான் கஸ்டோடியன்" என்றார்.

கஸ்டோடியனிடம் நான் கேட்கவில்லை. நான்தான் பேசுவதில்லையே.

அக்டோபர் 19

விண்ணப்பம் எழுதினேன். சங்கத்துப் படிவம்.

பெயர்: து. பச்சையம்மாள். 
எண்: கிடையாது. 
பதவி: மனைவி. 
பணிக்காலம்: ஐம்பத்திரண்டு வருஷம், லீவு எடுக்கவில்லை. 
கோரிக்கை: நான் ஒருவருக்கு எழுதிய கடுதாசியை எனக்குத் திருப்பித் தர வேண்டும். 
காரணம்:

காரணத்துக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். "ஒருவருக்கு எழுதியது" என்று எழுதினேன். மேலே எழுதியதையே திரும்ப எழுதியிருக்கிறீர்கள் என்றார் வரதன். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 24

155. பேத்தி யாழினி போன் செய்தாள். சட்டம் படிக்கிறாள், கோயம்புத்தூரில். எங்கள் குடும்பத்தில் முதல் வக்கீல். வாயாலேயே பாதி கேஸ் ஜெயித்துவிடுவாள். அவளாவது புரிந்துகொள்வாள் என்று எல்லாம் சொன்னேன்.

"ஐயோ பாட்டி, செம லவ் லெட்டர்! தாத்தா லக்கி. கையில கெடச்சதும் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு பாட்டி, ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டணும்."

பரீட்சைக்கு ஒழுங்காகப் படி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 2

மத்தியானம் உட்கார்ந்து அந்தக் கடுதாசியை நானே எழுதிப் பார்த்தேன். சட்டை வருகிறது, பொத்தான் வருகிறது, எருமை வருகிறது. ஆனால் எதற்குப் பின்னால் எது என்று தெரியவில்லை. என்ன மை, எங்கே உட்கார்ந்து எழுதினேன், ஒன்றும் நினைவில்லை. அவர்கள் இருபது பேருக்கு மனப்பாடம். எழுதினவளுக்குப் பாதிக்கு மேல் மறந்துவிட்டது.

கடைசியில் எழுதியது மட்டும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவர்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அது அவரிடமே போய்ச் சேரவில்லை. சண்டைக் காலத்தில் கடுதாசியை ஆபீசர்கள் பிரித்துப் பார்த்து வேண்டாததை வெட்டிவிட்டு அனுப்புவார்கள் என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள். அவர் போட்ட பதிலில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதனால் வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். இரண்டாம் தடவை எழுத எனக்குத் தெம்பு இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நல்லதாகப் போயிற்று. அதையும் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

நவம்பர் 6

பாங்கில் பென்ஷனுக்கான நவம்பர் வேலை. இவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று மிஷினில் கண்ணைக் காட்டிச் சான்று வாங்கினோம். மூன்று தடவை மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்களே சொல்லுங்கம்மா, இவரு இருக்காரா?" என்று பாங்குப் பெண் வேடிக்கையாகக் கேட்டது. நான் பாஸ்புக்கை எடுத்துப் பையில் வைத்தேன். வரும் வழியில் ஆட்டோவில் இவர், "அதுக்குக்கூட வாயத் தொறக்க மாட்டியா?" என்றார்.

நவம்பர் 11

போர்டு உட்கார்ந்தது. ஹாலில் மேசை போட்டு, பச்சைத் துணி விரித்து, மூன்று டம்ளர் தண்ணீர். நேவிக்கு ஆசீர்வாதம், ஏர்போர்ஸுக்கு ஜப்பார், ஆர்மிக்கு இவர். ஆர்மிக்கு வேறு ஆள் போடுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒன்பதாம் வார்டு ஆர்மிக்காரரில் உயிரோடு இருப்பவர் இவர் ஒருவர்தான், பொருளின் வரலாறு தெரிந்தவர்தான் உட்கார வேண்டும் என்றார் வரதன். என்னைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜுலைகா கேட்காமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் நகரவில்லை.

வரதன் விண்ணப்பத்தை வாசித்தார். "பதவி, மனைவி" என்று வந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜப்பார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது.

முதலில் ஜப்பார். "குடுத்துடணும்" என்றார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது இவர். என்னதான் இருந்தாலும் என் புருஷன். நாலு வாரமாகப் பேசாமல் இருந்து பார்த்துவிட்டேன். நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார் என்றுதான் இருந்தேன். முந்தானையை விரித்து வாங்கிக்கொள்கிற மாதிரிக்கூட உட்கார்ந்திருந்தேன் போல.

"குடுக்கக் கூடாது" என்றார்.

"காரணம் எழுதணும், நாயக்" என்றார் வரதன்.

"காரணம் இல்ல. குடுக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரி நாட்டுக்காரன் வைத்த கண்ணிவெடிக்கே அவ்வளவு பயந்திருக்க மாட்டார். ஏன் அந்தப் பயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. எல்லோரும் ஆசீர்வாதத்தைப் பார்த்தோம்.

"எனக்குக் கடுதாசி போட அப்பவும் ஆளு இல்ல, இப்பவும் இல்ல" என்றார் அவர். "அது எனக்கு வந்த கடுதாசின்னே நெனச்சுக்கினு இத்தினி வருசம் ஓட்டிட்டேன். அது தப்புதான். குடுத்துடுங்க."

இரண்டுக்கு ஒன்று. இவர் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் "எதிர்ப்புடன்" என்று எழுதி. ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டார்.

நவம்பர் 12

தீபாவளி. அதிரசம் சுடவில்லை.

நவம்பர் 13

ஆசீர்வாதம் நாற்காலியை அவரே உருட்டிக்கொண்டு வந்தார், மடியில் ஒரு பழுப்புக் கவர். இவர் கேண்டீனுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருப்பார். கவரை உடனே கொடுக்கவில்லை.

"ஒரு விசயம் சொல்லிடறேன் அண்ணி. ஜப்பார் அப்ப கண்ணு மூஞ்சி எல்லாம் கட்டோட செவுத்தப் பாத்துத் திரும்பிக்கினான். பதினோரு நாளு. ஊசி வழியாத்தான் சாப்பாடு. நர்சு பேசினாலும் பதில் இல்ல. அப்பதான் ஒங்க கடுதாசி வந்துது. தொளசி மனசுக்குள்ள படிச்சான். ரொம்ப நேரம் படிச்சான். அப்புறம் எங்களுக்குச் சத்தமாப் படிச்சான். எருமைக்கு நாலுன்னு வந்ததும் கட்டுக்குள்ளேர்ந்து ஒரு சத்தம். அழுவறானோன்னு பயந்துட்டோம். சிரிச்சான் அண்ணி. அன்னிக்கு ராத்திரி கஞ்சி கேட்டான்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல காரியம்தான்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா வார்டுக்குன்னு மாசம் ஒண்ணு எழுதி அனுப்பியிருப்பேனே தம்பி. எருமையப் பத்தி எவ்ளோ வேணும்னாலும் எழுதியிருப்பேன்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் பத்தொன்பது வயசு எழுத்து. கொம்பெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. நீலத் தாள் வெளுத்துப் போயிருந்தது. படித்தேன். ஏழு என்கிற வார்த்தையோடு தாள் முடிந்துவிடுகிறது. இன்லண்டில் மடித்து ஒட்டுகிற ஓரம் ஒன்று உண்டு, இடம் போதாவிட்டால் அதில் நுணுக்கி எழுதுவோம். அந்த ஓரம் இல்லை. பிரிக்கும்போது கிழிந்து போயிருக்கும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

கிழிந்தது இல்லை. பிளேடால் வெட்டியது. ஒரு நூல்கூடக் கோணவில்லை. கீழே பென்சில் கோடு போட்டு, அதன்மேல் ஸ்கேல் வைத்து வெட்டியிருந்தது. காலண்டரில் தேதித் தாள் கிழித்தாலும் ஸ்கேல் வைத்துக் கிழிக்கிற ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

நவம்பர் 14

238.

நேற்று அவர் திரும்பி வந்ததும் லேமினேஷனை மேசைமேல் வைத்தேன். ஒரு மாதம் ஆகிறது நானாக வாயைத் திறந்து.

"மிச்சம் எங்க?"

அவர் கேண்டீன் பையைக் கீழே வைத்தார். சோப்பு, டூத் பேஸ்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அப்புறம் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்தார். அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு விரல் அகலம், நீலம். உள்ளேயே இருந்ததால் வெளுக்கவே இல்லை. இன்றைக்கு எழுதிய மாதிரி இருந்தது.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்போ?"

"வந்த அன்னிக்கே. மொதல்ல வெட்டி எடுத்துட்டுத்தான் மத்தத அவங்களுக்குப் படிச்சேன். இத எவனுக்கும் காட்டல பச்சே. ஒரு பயலுக்கும் தெரியாது."

ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரிச் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்கிட்ட ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீதான எழுதின. யாருக்கும் சொல்லாதீங்கன்னு."

"யாருக்கும்னா, அதுல நானுமா?"

அடுக்கிய சோப்பை மறுபடி நேராக வைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியில சிரிச்சிக்கினு இருந்தோம். இத நெனச்சா எனக்கு எழுந்து உக்கார முடியாதுன்னு வெச்சிட்டேன். ஊருக்கு வந்தப்புறம் கேக்கலாம்னு இருந்தேன். ஊருக்கு வந்தா நீ சாதாரணமா இருந்த. அப்புறம் நம்ம பையன் பொறந்துட்டான். லேட் ஆயிடுச்சு" என்றார்.

நான் சாதாரணமாக இருந்தேனாம்.

நவம்பர் 15

பார்க்கவில்லை.

நவம்பர் 21

அந்தத் துண்டை நான் வைத்துக்கொண்டேன். இந்த டைரியை டாக்டரம்மாவுக்குக் காட்ட முடியாது. சர்க்கரை எண்களை வேறு தாளில் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் இங்கே எழுதலாம்.

"நீங்கள் லீவில் வந்து போனதில் எனக்கு மூணாம் மாசம். உங்கள் காலைப் பற்றித் தந்தி வந்த அன்றைக்கே போய்விட்டது. அத்தைக்கும் தெரியாது. கிணற்றடியில் நானே கழுவிவிட்டேன். அழுதால் கேட்பார்கள் என்று அழவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். யாருக்கும் சொல்லாதீங்க."

ஐம்பத்தோரு வருஷம் அந்தப் பிள்ளையை நான் தனியாக வைத்துக்கொண்டிருந்தேன். அது பிறந்திருக்க வேண்டிய ஆனி மாதம் வந்தால் மனசுக்குள் வயசு கூட்டுவேன். பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கிறவருக்குப் பாவம் தெரியாது, தெரிந்தால் தாங்க மாட்டார் என்று அவருக்காக வேறு இரக்கப்பட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

கடுதாசியை இருபது பேருக்குப் படித்ததைக்கூட மன்னித்துவிடலாம்.

நவம்பர் 30

164. ஜுலைகாவோடு அரிசி பொறுக்கினேன். இருவரும் பேசவில்லை. ஆனால் ஒரே முறம்.

டிசம்பர் 4

நேவி தினம். காலையில் தூறல், அப்புறம் விட்டது.

சங்கத்துக்குப் போய் லேமினேஷனை வரதனிடம் கொடுத்தேன். "பதினாலாவது பொருள் திரும்ப வந்ததுன்னு எழுதிக்குங்க" என்றேன். அவர் ரிஜிஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டம் செய்த பொருளை மறுபடி வரவு வைக்க ரூல் இல்லையாம். "அப்ப புது சப்ளைன்னு எழுதுங்க. இந்தத் தடவ சப்ளையர் இஷ்டப்பட்டுக் குடுக்கறா" என்றேன். எழுதினார். ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கக் கூடாது. பெண்களும் உட்கார்ந்திருக்கும்போது, இலை போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டும்.

படித்தார்கள். ஜப்பார் பெண்குரலில் பேசவில்லை, அவர் சொந்தக் குரலில்தான் பேசினார். பொத்தான் இடத்தில் நின்றுவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்: "பல்லில் பட்டு உடைந்துபோனது." கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். கடைசியில் "ஏழு!" என்று எல்லோரும் கத்தினார்கள். அதோடு முடிந்தது என்று அவர்கள் இலைக்குத் திரும்பினார்கள். அங்கே இன்னும் ஐந்தாறு வரி பாக்கி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ரசவாளியோடு ஓரமாக நின்றிருந்தவர் என்னைப் பார்த்தார். நான் என் மணிபர்சைப் பிடித்துக்கொண்டேன். துண்டு அதில் இருந்தது.

இன்று ஆர்மியும் ஏர்போர்ஸும் பரிமாற வேண்டிய முறை. நான் முந்தானையைச் செருகியபோது ஆசீர்வாதம் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, இன்னிக்கு எங்க பந்தியில ஒக்காருங்க. எனக்குன்னு குடும்பம் இல்ல. நேவி குடும்பம்னு நீங்க ஒக்காருங்க." உட்கார்ந்தேன்.

இலையில் வரிசையாக எல்லாம் வந்தது. ஜப்பார் சோறு போட்டார், ஜுலைகா கறி போட்டாள். அப்புறம் அந்த நடைச் சத்தம், ஒரு கால் அழுந்தவும் ஒரு கால் தட்டவும். ஐம்பத்திரண்டு வருஷத்தில் நான் உட்கார்ந்திருக்க அவர் எனக்குப் பரிமாற வந்தது இதுதான் முதல் தடவை. கரண்டியை வாளிக்குள் விட்டு, அடியிலிருந்து கலக்கி, தக்காளியும் கொத்தமல்லியுமாக மொண்டு எடுத்தார். எனக்குப் பிடித்த மாதிரி.

"பச்சே" என்றார், மெதுவாக. "ஊத்தட்டுமா?"

நான் இலைமேல் கையை விரித்து மறைத்தேன்.

போதும் என்று நினைத்து நகர்ந்துவிடுவார் என்று பார்த்தேன். நகரவில்லை. கரண்டியிலிருந்து ரசம் சொட்டுச் சொட்டாக என் கைமேல் விழுந்தது. தகரத்தில் பட்ட அதே கை. சூடாகத்தான் இருந்தது. பின்னால் வரிசை நின்றுவிட்டது, யாரோ "இன்னா நாயக், பிரேக் டவுனா?" என்று கேட்டார்கள், சிரித்தார்கள்.

அவர் நின்றுகொண்டிருந்தார். நான் கையை எடுக்கவில்லை.